வாவியை அளந்த பதினொரு பேர்

தன்னாமுனையில், வாவிக்கரையோரமாக, உவர்நீர் ஆய்வு நிலையம் என்றொரு அரசாங்க நிறுவனம் இருந்தது. யுத்தம் தொடங்கிய பிறகு அதன் ஆய்வுகூடத்துக்குக் கூரை இல்லாமல் போனது. மீன்தொட்டிகளுக்குள் ஆலங்கன்று முளைத்தது. இருந்த ஒரேயொரு இயந்திரப் படகை யார் கொண்டுபோனார்கள் என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. ஆனால் நிலையம் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் தொகை மட்டும் வருடா வருடம் ஏறிக்கொண்டே போனது. கொழும்பிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் இதைப் பார்த்து, இவ்வளவு கஷ்டத்திலும் என்ன உழைப்பு என்று கண்கலங்கிப் போனாராம். கஷ்டம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது உண்மைதான். உழைப்பு அன்னப்பூரணிக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது.

அன்னப்பூரணி அங்கே தற்காலிக ஆய்வு உதவியாளர். அவளுக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்கள் நிரந்தரமாகி, பதவி உயர்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டார்கள். அவளுடைய தற்காலிகம் மட்டும் நிரந்தரமாக இருந்தது. பெரியகல்லாற்றிலிருந்து இரண்டு பஸ் மாறி, வழியில் இருக்கிற எல்லாச் செக்பொயின்றிலும் இறங்கி ஏறி அவள் வேலைக்கு வரவேண்டும். நிலையம் அவளுக்குக் கொடுத்திருந்தது மூன்று மாதத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கிற ஒரு கடுதாசி அட்டை. ஒவ்வொரு சென்றிக் காவலரணிலும் சிப்பாய் அதை நகத்தால் சுரண்டிப் பார்ப்பான். நிரந்தர உத்தியோகத்தருக்கோ அரசாங்க முத்திரை பதித்த தடித்த அட்டை. அதைத் தூரத்தில் கண்டாலே கையசைத்துப் போகச் சொல்லிவிடுவார்கள். அந்த அட்டை இருந்தால் பொழுதுபட முன் வீடு போய்ச் சேரலாம். இல்லாவிட்டால் சேரலாம், சேராமலும் விடலாம். அதனால் அவளுக்கு அந்த நியமனம் வேண்டியிருந்தது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, நிரந்தர நியமனத்துக்கு இன்டர்வியூ வரப்போகிறது என்று கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: விண்ணப்பதாரியின் பெயரில் வெளிநாட்டுச் சஞ்சிகையில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும். அன்னப்பூரணி எழுதிய கட்டுரைகள் நிறைய வந்திருந்தன. அவளுடைய பெயர் ஒன்றிலும் வரவில்லை.

இதற்காகப் பணிப்பாளர் கலாநிதி கந்தப்போடியைக் கொடியவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் தன் ஊர்க் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர். திருவிழாப் பூசை முடிந்து வெற்றிலை பாக்கோடு காளாஞ்சி கொடுக்கிறபோது எந்தக் குடிக்கு முதல் மரியாதை, எந்தக் குடிக்கு அடுத்தது என்ற ஒழுங்கைக் காப்பாற்றுவது வண்ணக்கரின் பொறுப்பு. அந்த ஒழுங்கு ஒருதரம் பிசகியதில் வழக்குப் போட்டு, கோயிலே பூட்டிக் கிடந்ததை அவர் கண்டவர். அந்தப் பயத்தோடேயே நிலையத்தையும் நடத்தினார். கட்டுரைக்குப் பெயர் போடுவது அவருக்குக் காளாஞ்சி கொடுக்கிற மாதிரி: முதலில் பணிப்பாளர், பிறகு பிரதிப் பணிப்பாளர், பிறகு சேவை மூப்புப்படி ஒவ்வொருவராக. பூசை செய்த ஐயர் காளாஞ்சி வரிசையில் வந்து நிற்பதில்லைத்தானே. எழுதியவளும் நிற்கவேண்டிய தேவை இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அந்த வருடத்துக் கட்டுரை வாவியைப் பற்றியது. இறால்குஞ்சு வாவியில் எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எவ்வளவு உப்பில் வளர்கிறது என்று பார்க்கிற வேலை. ஈயக்குண்டு கட்டிய ஒரு கயிறு, தண்ணீர் எடுக்கச் சில போத்தல்கள், ஏறாவூர் உசனாரின் தோணி. இவைதான் ஆய்வுகூடம். இரண்டு மாரிக்கு அவள் வாவியைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தாள். கிழக்கே எழுவான்கரையில் இராணுவம், மேற்கே படுவான்கரையில் இயக்கம், நடுவில் தோணியில் இவர்கள் இரண்டு பேரும். இரண்டு கரையிலிருந்தும் தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். கயிற்றை இறக்குகிறபோது கை நடுங்கினால் அளவு பிழைத்துவிடும் என்பதால் அவள் நடுங்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

"உசனார் காக்கா, இந்தமுறை உங்கட பேரையும் போடச் சொல்லிக் கேக்கப்போறன்," என்றாள் ஒருநாள்.

உசனார் தோணி தள்ளுகிற தாங்குகோலை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "என்ன புள்ள கதைக்கிறீங்க. என்ட பேர ஒண்டிலயும் எழுதிப்போடாதீங்க. ஊட்டுல கலியாணம் முடிக்காத கொமர்ப் புள்ளைகள் இரிக்கி."

அன்னப்பூரணி சிரித்தாள். படித்த பிள்ளை, அவளுக்கு விளங்கவில்லை.

முதலில் ஒரு பக்கச் சுருக்கம் மட்டும் போன சஞ்சிகையிலிருந்து பதில் வந்தது. நல்லது, முழுக் கட்டுரையையும் அனுப்பலாம், ஆனால் இப்போது ஒரு புது விதி இருக்கிறது. கட்டுரையில் பெயர் போடுகிற ஒவ்வொருவரும் தாம் செய்த வேலை இன்னதென்று எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். ஒன்றும் செய்யாதவர்களின் பெயரைத் தயவுசெய்து நீக்கிவிடவும் என்று எழுதியிருந்தார்கள்.

கந்தப்போடி அவசரக் கூட்டம் கூட்டினார். அன்னப்பூரணி குறிப்பெடுக்க உட்கார்த்தப்பட்டாள்.

"வெள்ளைக்காரனுக்கு எங்களில நம்பிக்கை இல்ல," என்றார். "சரி, இருக்கட்டும். நாங்க செய்தத எழுதுவம். பொய் எழுதக்கூடா. ஆளாளுக்குத் தான் என்ன செய்ததெண்டு யோசிச்சுப் பாருங்க."

எல்லோரும் யோசித்துப் பார்த்தார்கள். தேநீர் வந்து ஆறி, ஆடை கட்டியது.

"முதல்ல இந்த எண்ணம் ஆருக்கு வந்த?" என்று கந்தப்போடியே தொடங்கினார். "எனக்கு. கல்லடிப் பாலத்தால வரக்குள்ள ஒருநாள் வாவியப் பார்த்த நான். இதுக்குள்ள என்ன கிடக்கோ எண்டு மனசில பட்டுது. அந்த நினைப்பு இல்லாட்டி இந்தக் கட்டுரையே இல்ல. எழுதுங்க புள்ள: திட்டமிட்டு வழிநடத்தியவர், கந்தப்போடி."

பிரதிப் பணிப்பாளர் மீராசாஹிப் தொண்டையைச் செருமினார். "தோணி போறத நான் ஒருநாளும் ஜன்னலால பாக்காம உட்டதில்ல. போனது திரும்பி வருதா எண்டு ஆராவது பாக்கணுமே. மேற்பார்வை எண்டு போடுங்க."

புள்ளிவிவர உத்தியோகத்தர் அழகரத்தினம் மேசையில் தன் கல்குலேட்டரை எடுத்து வைத்தார். நகரத்துக்குப் பற்றரி வருவதை இராணுவம் தடுத்து வைத்திருந்த காலம் அது; கல்குலேட்டர் செத்து வருடக்கணக்கு. அன்னப்பூரணி கணக்கெல்லாம் கையால்தான் போட்டாள். "பற்றரி இல்லத்தான். ஆனா கணக்குப் போடுற சாமான் நிலையத்தில இது ஒண்டுதானே. பகுப்பாய்வு எண்டு எழுதுங்க," என்றார்.

களஞ்சியப் பொறுப்பாளர் யோகராசா கயிறு கொடுத்தவர்: உபகரணம் வழங்கியவர். கணக்காளர் அவளுடைய சம்பளத்தை வெட்டாமல் விட்டவர்: நிதி உதவி. தோணிக்குப் பாஸ் எடுக்கப் போன லிகிதர்: போக்குவரத்து ஒழுங்கு. இப்படியே வரிசை வளர்ந்தது. காலஞ்சென்ற முன்னாள் பணிப்பாளரை விட்டால் மரியாதையில்லை என்று யாரோ சொல்ல, அவருக்கு 'ஆலோசனை' என்று போட்டார்கள். அவருக்காகக் கந்தப்போடியே பயபக்தியோடு கையெழுத்தும் வைத்தார்.

"சேர், என்ட பேர்?" என்று கேட்டாள் அன்னப்பூரணி.

"நீங்க என்ன செய்த புள்ள?"

"அளந்த நான் சேர். எழுதினதும் நான்தான்."

"அதுக்குச் சம்பளம் தாறம்தானே. சம்பளத்துக்குச் செய்யிற வேலை பங்களிப்பில சேராது."

"உங்களுக்கும் சம்பளம்தானே சேர்."

"எங்களுக்குச் சம்பளம் பதவிக்கு," என்றார் கந்தப்போடி பொறுமையாக. "வேலைக்கில்ல."

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஆமோதித்தார்கள். மீராசாஹிப்புக்குத்தான் மனம் கேட்கவில்லை. "பாவம், இன்டர்வியூ வருது. கடைசியாப் போட்டு உடுவம்," என்றார். நீண்ட வாதத்துக்குப் பிறகு அன்னப்பூரணி பதினோராவது ஆளாகச் சேர்க்கப்பட்டாள். அவளுடைய பங்களிப்பு: உடனிருந்தார். எழுதிக்கொண்டிருந்த அவளே அதையும் எழுதினாள். அழுகை வந்தது. ஆனாலும் பெயர் இருக்கிறது, அட்டை கிடைக்கும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முழுக் கட்டுரையும் தபாலில் போனது. வெளிநாட்டுக்குப் போகிற தடித்த உறைகளை முகாமில் பிரித்துப் பார்ப்பது அப்போது வழக்கம். பிரித்தவர் ஒரு மேஜர். உள்ளே வாவியின் படம் இருந்தது. படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்கு எந்த இடத்தில் கழுத்தளவு தண்ணீர், எந்த இடத்தில் இடுப்பளவு, எந்த மாதத்தில் முழங்காலளவு என்று அழகாகக் குறித்திருந்தது. இறால்குஞ்சுக்கு வசதியான இடம், துவக்கோடு கடக்கிற ஆளுக்கும் வசதியான இடம்தான். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். திட்டமிட்டு வழிநடத்தியவர் இன்னார். மேற்பார்வை இன்னார். உபகரணம் வழங்கியவர், நிதி உதவி, போக்குவரத்து ஒழுங்கு. எல்லோரும் முழுப்பெயர் எழுதி, பதவி எழுதி, கையெழுத்து வைத்து, திகதியும் இட்டிருந்தார்கள். மேஜருடைய சேவைக் காலத்தில் ஒரு அடிகூட அடிக்காமல் இப்படியொரு வாக்குமூலம் கிடைத்ததே இல்லை.

மறுநாள் ட்ரக் வந்தது. ஏறுகிறபோதுகூடச் சேவை மூப்பு பிசகவில்லை.

முகாமில் ஒரு நீண்ட வாங்கில் பத்துப் பேரையும் உட்கார வைத்தார்கள். மேஜர் தமிழைப் புத்தகத்தில் படித்தவர். அதனால் அந்த அறையில் இலக்கணத் தமிழ் பேசியவர் அவர் ஒருவர்தான்.

"பதினொரு பெயர்கள் உள்ளன. ஒருவரைக் காணவில்லை. ஆலோசனை வழங்கியவர் எங்கே ஒளிந்திருக்கிறார்?"

"அவர் செத்துப்போனார் சேர்," என்றார் கந்தப்போடி.

"எப்போது?"

"தொண்ணூற்று மூண்டில."

"கையெழுத்து சென்ற மாதம் இடப்பட்டுள்ளது."

கந்தப்போடி கைகூப்பினார். "சேர், உண்மையச் சொல்றன். அது மரியாதைக்குப் போட்ட. எல்லாமே மரியாதைக்குப் போட்டதுதான். நான் ஒண்டையும் திட்டமிடல்ல. இந்த நிலையத்துக்கு வந்த நாளிலருந்து ஒண்டையும் திட்டமிட்டதில்ல. இவங்களிட்டக் கேட்டுப் பாருங்க."

கேட்கவே தேவையிருக்கவில்லை. பணிப்பாளர் ஒருநாளும் ஒன்றும் செய்ததில்லை என்று எல்லோரும் ஒரே குரலில், இவ்வளவு காலமும் அடக்கி வைத்திருந்த மகிழ்ச்சியோடு உறுதிப்படுத்தினார்கள்.

"ஆனால் ஏராளமான கட்டுரைகளில் உங்கள் பெயர் முதலாவதாக உள்ளது."

"ஒண்டையும் நான் வாசிச்சதில்ல சேர். வாசிச்சிருந்தா என்னைச் சுடுங்க."

மீராசாஹிப் தனக்குச் சீனி வருத்தம் என்றார். பார்வை ஜன்னல் வரைக்கும்தான் போகும், அதற்கு அங்கால வாவியா வயலா என்றே தெரியாது என்றார். அழகரத்தினம் கல்குலேட்டரைக் கையோடு கொண்டு வந்திருந்தார். மேஜர் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தார், ஒன்றும் எரியவில்லை. "நீங்கள் புள்ளிவிவர உத்தியோகத்தர் அல்லவா?" என்று கேட்டதற்கு, "பதவியால சேர், பதவியால மட்டும்," என்றார் அழகரத்தினம்.

மேஜர் களைத்துப்போனார். "நல்லது. இதில் மிகக் குறைவாகச் செய்தவர் யாரோ, அவர் முதலில் வீட்டுக்குப் போகலாம்," என்றார்.

சும்மா இருந்த சங்கை ஊதிவிட்டார். களஞ்சியம் யோகராசா எழுந்து, தான் கொடுத்தது ஒரு துண்டுக் கயிறுதான், அதுவும் இத்துப்போனது, ஆகவே மிகக் குறைவாகச் செய்தது தான்தான் என்றார். கந்தப்போடிக்குக் கோபம் வந்துவிட்டது.

"யோகராசா, இரிங்க. களஞ்சியப் பொறுப்பாளர் பணிப்பாளர விடக் குறைவாச் செய்ததெண்டா நிலையத்துக்கு என்ன மரியாதை? ஒண்டும் செய்யாததில முதல் இடம் எனக்கு. அடுத்தது மீராசாஹிப். மறுகா அழகரத்தினம். உங்கட முறை வரும், பொறுங்க."

மேஜர் அந்தத் தாளை இன்னொருதரம் பார்த்தார். "இங்கே எழுதியுள்ளபடி மிகக் குறைவாகச் செய்தவர் இவர். உடனிருந்தார். அன்னப்பூரணி யார்? நீங்கள் போகலாம்."

அன்னப்பூரணி எழுந்தாள். வாசல் திறந்திருந்தது. கல்லாற்று பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஒன்றும் பேசாமல் நடந்தால் போதும். வாங்கிலிருந்து கந்தப்போடி அவளுடைய சேலைத் தலைப்பில் மெதுவாகத் தட்டினார். "புள்ள, நீங்கதான் அளந்ததெண்டு சொல்லிட்டுப் போங்களன். உண்மையத்தானே சொல்லச் சொல்றன்," என்று கிசுகிசுத்தார். அவள் அதைக் கேட்காதவள் போல வாசல்வரை போய்விட்டாள்.

பின்னால் மேஜர் யாரையும் பார்க்காமல், தன்னையே கேட்பதுபோலக் கேட்டார்: "எல்லோரும் ஒன்றும் செய்யவில்லை. அப்படியானால் இந்த வேலையைச் செய்தது யார்?"

அவளுக்குக் கால் நின்றுவிட்டது. பயமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை யாராவது ஒருநாள் கேட்பார்கள் என்று அவள் எத்தனையோ வருடமாகக் காத்திருந்தாள். நிலையத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் கேட்டது ஒரு மேஜர் என்பதற்காகப் பதில் சொல்லாமல் போக அவளுக்கு மனம் வரவில்லை.

"நான்," என்று கிறுகி, அறைப் பக்கம் திரும்பி நின்று சொன்னாள். "நான்தான் அளந்த. நான்தான் எழுதின. இவங்களுக்கு ஒண்டும் தெரியா."

அந்த நாட்களில் முகாம்களில் தலையாட்டிகள் இருப்பார்கள். முகத்தை மறைக்கச் சாக்கு மாட்டி ஒரு ஆளை உட்கார வைத்து, ஊர்ச் சனத்தை ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க விடுவார்கள். அவன் தலையை ஆட்டினால் நடந்தவனின் கதை முடிந்தது. அன்றைக்குச் சாக்கே தேவைப்படவில்லை. வாங்கிலிருந்த ஒன்பது தலையும் ஒன்றாக ஆடின.

ஒன்பது பேரும் தாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு, மூப்பின்படி வீடு போனார்கள். அன்னப்பூரணியிடம் மேஜர் பொழுதுபடும்வரை கேட்டார். ஏன் அளந்தாய், எந்தக் கயிற்றால், ஏன் அந்த மாதம் உப்புக் கூடியது, ஏன் இந்த இடத்தில் இரண்டு தரம் அளந்தாய். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். "இவ்வளவும் இறாலுக்காகவா?" என்று ஒருதரம் நிமிர்ந்து கேட்டார். "ஓம் சேர், இறாலுக்குத்தான்," என்றாள். உள்ளபடிக்கு, அந்தக் கட்டுரையைத் தலைப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்த முதல் மனிதர் அவர்தான்.

அவளைப் பொலிஸ் நிலையத்தில் பெண்கள் பகுதியில் பல வாரம் வைத்திருந்தார்கள். நிலையத்திலிருந்து ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. உசனார் மட்டும் இரண்டு தரம் வாழைப்பழமும் பாணும் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டு, தன் பெயரைச் சொல்லாமல் போனார். இறால் விசயம் உண்மைதான் என்று கொழும்பிலிருந்து உறுதியான பிறகு, ஒரு விடுதலைக் கடிதம் கொடுத்து அவளை விட்டார்கள்.

அதற்கிடையில், முகாம் திருப்பிக் கொடுத்த கட்டுரையை நிலையம் மறுபடி அனுப்பி, அது அச்சிலும் வந்துவிட்டது. பாதுகாப்புக் காரணத்துக்காக ஆழம் பற்றிய எண்கள் எல்லாம் நீக்கப்பட்டிருந்தன. வாவியின் ஆழத்தைப் பற்றிய கட்டுரையில் ஆழம் மட்டும் இல்லை. பெயர்கள் பத்தும் இருந்தன, காலஞ்சென்றவர் உட்பட. பங்களிப்புகளும் பழையபடி திரும்பி வந்திருந்தன. அன்னப்பூரணியின் பெயர் எடுக்கப்பட்டிருந்தது. விசாரணைக்கு உட்பட்ட ஒருவரின் பெயர் நிலையத்தின் நற்பெயருக்குப் பொருந்தாது என்று தீர்மானம் நிறைவேற்றியிருந்தார்கள்.

இன்டர்வியூ நாளில் மேசைக்கு அந்தப் பக்கம் கந்தப்போடி, மீராசாஹிப், அழகரத்தினம் மூவரும் இருந்தார்கள்.

"உங்கட பேரில கட்டுரை ஒண்டும் இல்லையே புள்ள," என்றார் கந்தப்போடி உண்மையான கவலையோடு.

அவள் விடுதலைக் கடிதத்தை மேசையில் வைத்தாள். இவ்வாய்வைத் திட்டமிட்டது, அளந்தது, கணக்கிட்டது, எழுதியது யாவும் மேற்படி அன்னப்பூரணி ஒருவரே என்றும், ஏனையோருக்கு இதில் யாதொரு தொடர்பும் இல்லை என்றும் பூரண விசாரணையில் உறுதியாயிற்று. கீழே மேஜரின் கையெழுத்து, முத்திரை. பின்னால் ஒன்பது பேரின் வாக்குமூலங்களின் பிரதி.

மூவரும் தங்கள் தங்கள் வாக்குமூலத்தை வாசித்தார்கள். நிலையத்தில் அவர்கள் எழுதியவற்றில் அவர்களே எழுதியது அது ஒன்றுதான்.

"இது சஞ்சிகையில வந்ததில்லையே," என்றார் அழகரத்தினம் மெதுவாக. "பரிசோதகர் மூண்டு பேராவது பார்த்திருக்க வேணும்."

"மூண்டு பேர் பார்த்தவங்க சேர். ஒருத்தர் கேட்டவர், ஒருத்தர் எழுதினவர், ஒருத்தர் துவக்கோட நிண்டவர்."

"அப்பிடியில்ல புள்ள," என்றார் மீராசாஹிப். "இதில நீங்க தனிய எல்லாம் செய்ததெண்டு இரிக்கி. கூட்டாச் சேந்து வேலை செய்யிற குணம் இல்லையோ எண்டு ஒரு கேள்வி வருமே."

"சஞ்சிகையில நீங்க செய்ததெண்டு இருக்கு. ஆமியிட கடிதத்தில நான் செய்ததெண்டு இருக்கு. ரெண்டும் உண்மையா இருக்க ஏலாது," என்றாள் அன்னப்பூரணி. "ஆமியிட கடிதம் பொய்யெண்டு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்க சேர். நான் கிறுகிப் போயிடுறன்."

கந்தப்போடி பேனையைத் திறந்தார். யோசித்தார். மூடினார். நியமனம் அன்றைக்கே கிடைத்தது.

புது அட்டை தடிப்பாக, முத்திரையோடு, பளபளவென்று இருந்தது. அடுத்த திங்கட்கிழமை கல்லடிப் பாலத்தடியில் எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நின்றார்கள். நிலையத்து வாகனத்துக்கு டீசல் இல்லாததால் கந்தப்போடியும் அன்றைக்கு வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றார். சிப்பாய் அவளுடைய அட்டையைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான். பிறகு வழக்கப்படி சென்றிக்குள் பலகையில், அன்றைக்குப் புதிதாக ஒட்டியிருந்த தட்டச்சுத் தாளைப் பார்த்தான். விசாரிக்கப்பட வேண்டியவர்கள். வாவியை அளந்தவர் என்ற தலைப்பின் கீழ் ஒரேயொரு பெயர் இருந்தது. அட்டையைத் திருப்பித் தராமல், அந்தப் பக்கமாகப் போய் நிற்கச் சொன்னான்.

கந்தப்போடி தன் அட்டையைக் காட்டிவிட்டு, வாவிப் பக்கமும் பார்க்காமல், அவள் பக்கமும் பார்க்காமல் பாலத்தில் ஏறி நடந்தார். பஸ் அவளை விட்டுவிட்டுப் போனது. அன்னப்பூரணி சென்றிக்குள் போய், ஆழத்தை எப்படி அளந்தேன் என்று முதலிலிருந்து சொல்லிக் கையெழுத்து வைத்தாள். அடுத்த வாரமும் சொன்னாள். காவல் மாறுகிற ஒவ்வொரு முறையும் புதிதாக வந்தவனுக்குச் சொன்னாள். அவளுடைய பெயர் தனியாக அச்சில் வந்தது அந்த ஒரு தாளில்தான். அதில் தங்களுடைய பெயரையும் மூப்பின்படி சேர்க்கவேண்டும் என்று கேட்டு நிலையத்திலிருந்து இன்றுவரை ஒரு விண்ணப்பமும் போகவில்லை.